சுணை, பூளை, மயிர்: ஒரே பொருளா, வெவ்வேறு பொருள்களா?

வாவிக்கரை (படுவான்கரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் 8ஆம் தரத்து மாணவன் ஒருவன், வேலியோரம் படர்ந்திருந்த கொடியிலிருந்து பொன்னிற வெல்வெட்டுப் போர்த்தியதுபோல் இருந்த காய் ஒன்றைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டான். அது பூனைக்காலி. கால்மணி நேரத்துக்குள் பிள்ளையின் கையும் நெஞ்சும் சிவந்துபோயின. நான் பதற்றத்தில் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். அதுவரை முழங்கைக்குக் கீழே இருந்த அரிப்புத் தோள்வரை ஏறியது, என் விரல்களும் இரவு முழுவதும் எரிந்தன. அந்தப் பிழை என்னுடையதுதான். மீண்டும் ஒரு பிள்ளைக்கு அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் அம்மம்மா இருந்திருந்தால் தேய்க்க விட்டிருக்கமாட்டார். "சுணை பட்ட இடத்தைத் தொடாதே மனே" என்பார். அவருக்குத் தோலில் தைப்பது சுணை, தேங்காய்ப்பூக்கீரைக் கதிரில் வெள்ளையாகத் திரண்டிருப்பது பூளை, காய் வெடித்துப் பறப்பது பஞ்சு, திரித்தால் கயிறாவது தும்பு; மயிர் என்பது ஆடுமாட்டுக்கும் மனிதருக்கும் மட்டுமே உரியது. நாங்களோ வகுப்பில் வேர்மயிர், இலைமயிர், புழுவின் மயிர் என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இவை உண்மையில் ஒரே பொருளா? ஒரு செடியும் ஒரு புழுவும் ஒரு எருமையும் எதற்காக இப்படி ஒரு போர்வையைச் சுமக்க வேண்டும்? அறிந்தவர்கள் எழுதுங்கள்.


வட்டைவிதானை (சம்மாந்துறை) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சுணை என்றால் என்னவென்று வயற்காரனிடம் கேட்க வேண்டும். களவெட்டி என்னும் நெற்களத்தில் சூடு மிதித்த (நெல்லடித்த) காலத்தில், உப்பட்டிகளை, அதாவது அரிந்த நெற்கட்டுகளை, தோளில் தூக்கிச் சுமந்த ஒவ்வொருவருக்கும் கழுத்தும் முதுகும் இரவில் எரியும். இன்று வெட்டும் இயந்திரம் வந்த பின்பும், அதன் பின்னால் சாக்குப் பிடித்து நிற்பவனுக்கு அந்த எரிச்சல் குறையவில்லை. நெல் இலையின் ஓரத்திலும் உமியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத கூர்மயிர்கள் நிற்கின்றன. நெல் மண்ணிலிருந்து ஏராளமான சிலிக்காவை உறிஞ்சித் தன் மேற்றோலில் படிய வைக்கும் பயிர் ஆகையால், அந்த மயிர்கள் ஏறக்குறையக் கண்ணாடித் துணுக்குகளைப் போல் கடினமானவை. உமியை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். ஆகவே நெற்சுணையில் நஞ்சு எதுவும் தேவையில்லை. அது வெறுமனே கீறுகிறது, கீறிய இடத்தில் வியர்வை உப்புப் பட்டு எரிகிறது. வயலால் வந்து வாய்க்காலில் இறங்கி நன்றாகக் குளித்தால் போய்விடும்.

எதற்காக என்ற கேள்விக்கு என் பதில், நீரைக் காப்பதற்காக என்பதே. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேட்டு நிலத்தில் எது பச்சையாக நிற்கிறது என்று பாருங்கள். எருக்கு நிற்கும். அதன் இளந்தளிரைத் தடவினால் வெள்ளைப் பஞ்சு விரலில் ஒட்டும். அந்தப் பஞ்சுதான் காற்றைத் தடுத்து இலையின் நீரைக் காக்கிறது.


தறிமேடை (மருதமுனை) எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்டு வளராத பிள்ளை இருக்க முடியாது. நான் நாற்பது ஆண்டுகளாக நூலோடு இருக்கிறேன். எனவே பஞ்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பருத்திப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிர்க்கலம் என்பதை அறிந்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை. விதையின் மேற்றோலில் உள்ள ஒரு கலம், பூ மலர்ந்த நாளிலேயே வெளியே நீளத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஓர் அங்குலம் அளவுக்கு வளர்ந்து, பின்பு உள்ளுக்குள் படை படையாகச் செலுலோசைப் பூசிக்கொள்கிறது. காய் வெடித்து வெயில் பட்டதும் அந்தக் குழாய் உலர்ந்து, உள்வாங்கி, தட்டை நாடாவாகி, தானாகவே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்குத்தான் எங்கள் தொழிலின் உயிர். ஓர் இழையின் முறுக்கு அடுத்த இழையின் முறுக்கில் சிக்குவதால்தான் இராட்டையில் நூல் நிற்கிறது.

இதையே இலவம் பஞ்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பளபளப்பில் இலவம் இன்னும் அழகு. ஆனால் இலவத்தின் இழை முறுக்குவதில்லை. உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு, மேலே மெழுகுப் பூச்சோடு, கண்ணாடிக் குழாய்போல் வழுவழுப்பாக நிற்கிறது. இரு விரலுக்கிடையில் திரித்தால் நழுவி ஓடும். என் வாப்பா ஒருமுறை இலவம் பஞ்சில் நூல் நூற்க முயன்று, மூன்று நாள் பாடுபட்டு, ஒரு முழம்கூட எடுக்க முடியாமல் விட்டார். அந்தக் காற்றடைப்புத்தான் தலையணைக்கும் மெத்தைக்கும் அதை ஏற்றதாக்குகிறது. முன்பு கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதையே திணித்தார்கள், தண்ணீர் உள்ளே இறங்காமல் மிதக்கும் என்பதால். மேலும் ஒன்று: பருத்தி இழை விதையின் மேல் முளைக்கிறது, இலவ இழையோ காயின் உட்சுவரில் முளைக்கிறது. ஒரே பஞ்சு என்று நாங்கள் சொல்வதற்கு இரண்டு பிறப்பிடங்கள் உள்ளன.


நுண்நோக்கி (அக்கரைப்பற்று) எழுதியது:

தறிமேடைக் காக்கா எழுதியது ஆசிரியையின் கேள்விக்கு மிகச் சரியான வாயில். ஒரே சொல்லுக்குள் பல பிறப்புகள் இருக்கின்றன.

பாலூட்டியின் மயிர், தோலுக்குள் புதைந்த ஒரு பையிலிருந்து வளர்கிறது. கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது; வெளியே தெரியும் பகுதியில் உயிர் இல்லை. முள்ளம்பன்றியின் முள்ளும் அந்த வகையே. பூச்சியின் மயிர் அப்படியல்ல: அது கைற்றினால் ஆன வெளியோட்டின் ஒரு நீட்சி, புழு தோலுரிக்கும்போதெல்லாம் பழைய மயிரையும் கழற்றிவிட்டுப் புதியதைப் பெறுகிறது. செடியின் சுணையோ மேற்றோல் கலம் ஒன்று வெளியே நீண்டதாலோ, அப்படி நீண்டது பிரிந்து பல கலங்கள் ஆனதாலோ உண்டாவது. மூன்றுக்கும் இடையே உறவு எதுவும் இல்லை. ஆகவே மயிர் என்ற சொல்லைப் பாலூட்டிக்கு மட்டும் ஒதுக்கிய அந்த அம்மம்மாவின் பாகுபாடு, உடலமைப்பியலின்படியும் செம்மையானது.

தும்பை அவர் வேறாக வைத்ததும் சரியே. தேங்காய்த் தும்பு மேற்பரப்பில் முளைத்தது அன்று. மட்டையின் சதைக்குள் ஓடிய நார்க்கற்றை. அதுபோல் சோளன் பொத்தியின் நுனியில் தொங்கும் இழைகளையும் பிள்ளைகள் மயிர் என்றே எழுதுவார்கள். அவை பூவின் சூல்தண்டுகள். ஒவ்வோர் இழையும் உள்ளே ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. ஓர் இழைக்கு மகரந்தம் கிடைக்காவிட்டால் பொத்தியில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட எளிய பாடம் இல்லை.

பூனைக்காலிக்கு வருகிறேன். அந்தக் காயின் மயிர்கள் ஊசிபோல் கூரானவை, பின்னோக்கிய சிறு கொளுவிகள் உடையவை. தேய்த்தால் வெளியே வராமல் உள்ளே இறங்கும். 1955இல் அவற்றிலிருந்து மியூக்குனேன் என்னும் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். புரதத்தை வெட்டும் அந்த நொதி, தோலின் நரம்பு முனைகளில் உள்ள ஏற்பிகளை நேரடியாகத் தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது என்பது 2008இல் தெளிவானது. பூச்சிக்கடி அரிப்பில் வேலை செய்யும் ஹிஸ்ரமின் என்னும் இரசாயனம் இங்கே முதன்மையானது அன்று. ஆகையால் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் வழக்கமான மாத்திரை இதில் பெரிதாக உதவுவதில்லை. வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்யும். செய்ய வேண்டியது இதுதான்: தேய்க்காமல், ஒட்டுநாடாவைத் தோலில் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்து, ஒவ்வொரு முறையும் புதிய துண்டைப் பயன்படுத்தி மயிர்களை அகற்றிய பின்பே ஓடும் நீரில் கழுவ வேண்டும், உடையையும் கழற்றித் தனியே துவைக்க வேண்டும். கண்ணில் பட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

காஞ்சோண்டி இதற்கு வேறானது. அதன் கொட்டும் மயிரின் நடுவே கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்கு ஒன்று ஊசியாக நிற்கிறது. தொட்டதும் அது தோலைத் துளைக்கிறது. ஆக, எங்கள் ஊர் வேலியிலும் வயலிலும் மட்டும் மூன்று விதமான சுணைகள்: சிலிக்காவால் கீறுவது, பளிங்கால் துளைப்பது, நொதியால் அரிக்கச் செய்வது.

விதானையாரின் கருத்தில் ஒரு திருத்தம். இலையின் மேலுள்ள மயிர் காற்றைத் தடுத்து நீரைக் காக்கிறது என்பது பாதி உண்மை. அடர்ந்த வெண்மயிர் செய்யும் பெரிய உதவி ஒளியைத் திருப்பி அனுப்புவது. இலை சூடேறாமல் இருந்தால் இழக்கும் நீரும் குறைகிறது. நெல்லின் கூர்மயிரும் எருக்கின் பஞ்சும் ஒரே வேலையைச் செய்வதாகக் கொள்ள முடியாது.


கத்தரிப்பாத்தி (களுதாவளை) எழுதியது:

நான் தோட்டக்காரி. மூன்று தலைமுறையாக இந்த மணலில்தான் கத்தரியும் வெண்டியும் மிளகாயும் செய்கிறோம். நீர், ஒளி என்று நீங்கள் எழுதுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூச்சியை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

கத்தரி இலையின் அடியைக் கட்டைவிரலால் தடவினால் கம்பளிபோல் இருக்கும். வேளாண்மைப் போதனாசிரியர் ஒருவர் ஒரு நாள் கண்ணாடி வைத்துக் காட்டினார்: அவை தனித்தனி மயிர்கள் அல்ல, நட்சத்திரங்கள். ஒரு காம்பின் மேல் பல கைகள் விரிந்து, ஒன்றின் கை மற்றொன்றின் கையில் பின்னி, இலையின் அடி முழுவதும் ஒரு வலை. தத்துப்பூச்சி அந்த வலைக்குள் ஊசியை இறக்கிச் சாறு குடிக்கச் சிரமப்படும். அந்த ஒரு பார்வைக்குப் பின் நான் கத்தரியை வேறு கண்ணால் பார்க்கிறேன்.

தக்காளியில் அது வேறு விதம். கிளை ஒடித்துக் கட்டும் நாளில் விரல்களெல்லாம் பச்சையாகி, பின்பு கறுத்து, சவர்க்காரம் போட்டாலும் போகாது. அந்த மயிர்களின் நுனியில் சிறு உருண்டை இருக்கிறது. உடைந்ததும் பசையும் மணமும் வருகின்றன. சிறு பூச்சிகள் அதில் ஒட்டிக்கொண்டு சாவதைக் கண்டிருக்கிறேன். கற்பூரவள்ளி இலையைக் கசக்கும்போது வரும் மணமும் அத்தகைய உருண்டைகளிலிருந்துதான் வருகிறதாம்.

வெண்டி பிடுங்குகிறவர்கள் கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் பழைய காலுறையைக் கைகளில் மாட்டிக்கொள்வார்கள்.


வட்டைவிதானை (சம்மாந்துறை) எழுதியது:

தங்கச்சி எழுதியது எனக்கு நல்ல பாடம். அப்படியானால் மயிர் அடர்ந்த இனங்களையே தேர்ந்து நட்டால் மருந்தடிப்பதைக் குறைக்கலாமே? பருத்தியில் தத்துப்பூச்சிக்கு எதிராக மயிர் அடர்ந்த இனங்களை அப்படித்தான் வளர்த்தெடுத்தார்கள் என்று முன்பு ஒரு பயிற்சியில் சொன்னார்கள்.


கத்தரிப்பாத்தி (களுதாவளை) எழுதியது:

விதானை அண்ணன், அதிலொரு கண்ணி இருக்கிறது. தத்துப்பூச்சி வெறுக்கும் அந்த மயிர்க்காட்டை வெள்ளை ஈ விரும்புகிறது. முட்டையிட மறைவான இடம் அதுதான். பருத்தியிலும் அதே கதைதான். மயிர் அடர்ந்த இனங்களில் வெள்ளை ஈ கூடுதலாக ஏறுவது அறிந்த செய்தி. போதாததற்கு, மருந்தோ வேப்பெண்ணெயோ எதை அடித்தாலும் துளிகள் மயிரின் நுனியிலேயே முத்துப்போல் நின்று கீழே உருண்டுவிடும், இலையில் படாது. அதனால்தான் நாங்கள் சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்க்கிறோம். ஒரு பூச்சிக்கு அரணாக இருப்பது மற்றொன்றுக்கு வீடாகிறது. எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வருகிறது என்பதைப் பார்த்துத்தான் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.


நுண்நோக்கி (அக்கரைப்பற்று) எழுதியது:

கத்தரிப்பாத்தி அம்மாவின் அனுபவத்துக்கு இணையாக ஒன்று. போல்கன் நாடுகளில் மூட்டைப்பூச்சித் தொல்லை இருந்த வீடுகளில், இரவில் படுக்கையைச் சுற்றி அவரை இனத்து இலைகளைப் பரப்பி, காலையில் பூச்சிகளோடு சேர்த்துக் கூட்டி எரிப்பார்கள். 2013இல் அந்த இலைகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அவற்றின் கொக்கி மயிர்கள் பூச்சியின் கால் மூட்டுகளைக் குத்தித் துளைத்துப் பிடித்திருப்பது தெரிந்தது. அதே வடிவத்தைச் செயற்கையாக வார்த்துப் பார்த்தபோது அது இயற்கை இலைபோல் பிடிக்கவில்லை என்பதுதான் என் மனத்தில் நின்றது.


எருமைப்பட்டி (செங்கலடி) எழுதியது:

இவ்வளவு நேரமும் செடிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் மட்டக்களப்புத் தயிரின் பெருமைக்குக் காரணமான எருமையையும் கொஞ்சம் பாருங்கள். கன்று பிறக்கும்போது உடல் முழுவதும் அடர்ந்த பழுப்பு மயிர் இருக்கும். வளர வளர அது உதிர்ந்து, முதிர்ந்த எருமையின் கரிய தோலில் அங்கொன்று இங்கொன்றாக மட்டுமே நிற்கும். பசுவைவிட வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. கறுப்புத் தோல் வெயிலை வாங்கும், மறைக்க மயிர் இல்லை, வியர்த்து ஆறவும் முடியாது. அதனால்தான் பகல் பத்து மணிக்கு மேல் அவற்றைச் சேற்றிலிருந்து எழுப்ப முடியாது. உடலில் உலர்ந்த சேறுதான் அவற்றின் போர்வை. குளம் வற்றிய ஆண்டுகளில் பால் குறைவதற்குப் புல் மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை நண்பகலில் பட்டிக்கு வந்து அவை மூச்சு வாங்குவதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. மயிர் சூட்டைப் பிடித்துவைக்கும் என்றால், எங்கள் காட்டுக் கரடி இந்த வெயிலில் அவ்வளவு மயிரோடு எப்படி வாழ்கிறது?


நுண்நோக்கி (அக்கரைப்பற்று) எழுதியது:

நல்ல கேள்வி. குளிர்நாட்டு விலங்குகளுக்குப் பெரும்பாலும் இரண்டு அடுக்கு மயிர் உண்டு: வெளியே நீண்ட காவல்மயிர், உள்ளே நெருக்கமான அடிமயிர். காற்றைச் சிறைப்பிடித்துச் சூடு காப்பது அந்த அடிமயிரே. கடல்நீர்நாயின் தோலில் ஒரு சதுர அங்குலத்துக்குப் பத்து இலட்சம் மயிர்கள்வரை இருப்பது அதற்காகத்தான். எங்கள் கரடிக்கு அடிமயிர் இல்லை. சடைத்துத் தொங்குவது நீண்ட மயிர் மட்டுமே. அதிலும் இலங்கைக் கரடிக்கு இந்தியக் கரடியைவிட மயிர் குறுகியது.

மயிர் வெயிலுக்குக் குடையாகவும் நிற்கும். 1950களில் ஒட்டகத்தின் மயிரைக் கத்தரித்துப் பார்த்தபோது, கத்தரித்த ஒட்டகம் ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக வியர்த்தது.

கல்லோயாக் காட்டு யானையில் கதை தலைகீழாகிறது. அதன் உடலில் அருகிய மயிர் மட்டுமே உண்டு. மயிர் அவ்வளவு அருகியிருக்கும்போது காற்றைச் சிறைப்பிடிக்க முடியாது. மாறாக ஒவ்வொரு மயிரும் தோலின் சூட்டைக் காற்றுக்குள் கடத்தும் கம்பியாகிவிடுகிறது. 2012இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, யானை தன் சூட்டை வெளியேற்றும் ஆற்றல் அந்த மயிர்களால் 5 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது என்றும், காற்று மெதுவாக வீசும்போது அது 23 சதவீதம்வரை போகிறது என்றும் கண்டார்கள். அடர்ந்தால் போர்வை, அருகினால் விசிறி.


வாவிக்கரை (படுவான்கரை) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மயிர்க்கொட்டிப் புழுவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எங்கள் வளவில் முருங்கை மரத்தின் அடியில் அவை அடை அடையாக ஒட்டியிருக்கின்றன. முன்பெல்லாம் தென்னோலைச் சூள் கொளுத்திச் சுடுவோம். சுட்ட நாளில் தும்மலும் தடிப்பும் வீட்டில் எல்லோருக்கும் வரும்.


கத்தரிப்பாத்தி (களுதாவளை) எழுதியது:

ஆசிரியை, சுடாதீர்கள். வெக்கையில் எழும் காற்று மயிரை வீடெங்கும் பரப்பும். பகலில் அவை ஒன்றாக அடைந்திருக்கும் நேரத்தில், நீளக் கம்பில் ஈரச் சாக்கைச் சுற்றி ஒரே அமுக்கில் எடுத்துச் சவர்க்கார நீரில் போடுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். வெறும் கூட்டைக்கூடக் கையால் எடுக்க வேண்டாம். மயிர்ப்புழுக்கள் பல தம் மயிரையும் சேர்த்தே கூட்டைப் பின்னுகின்றன.


வாவிக்கரை (படுவான்கரை) எழுதியது:

இரண்டு கிழமைக்குப் பின் எழுதுகிறேன். பாடசாலையின் பழைய நுணுக்குக்காட்டியைத் துடைத்து, நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளோடு பார்த்தேன். தறிமேடைக் காக்கா சொன்னது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது: பருத்தி இழை நெளிந்து நெளிந்து திரும்பும் நாடாவாகவும், தலையணையிலிருந்து எடுத்த இலவ இழை இருபுறமும் மெல்லிய கோடு மட்டுமே உள்ள நேர்க்குழாயாகவும் இருந்தன. பிள்ளைகள் இலவத்தைத் திரிக்க முயன்று தோற்றார்கள்.

கத்தரி இலையின் அடியை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து வைத்தபோது, நட்சத்திரங்களை முதலில் கண்டவன் அந்தப் பூனைக்காலிப் பையன்தான். சிலவற்றுக்கு ஆறு கைகள், சிலவற்றுக்கு எட்டுக் கைகள் என்று எண்ணி எண்ணி வரைந்து, மணி அடித்த பின்பும் எழும்ப மறுத்துவிட்டான். தும்பையும் சோளன் இழையையும் தனிப் பக்கத்தில் ஒட்டி, "இவை மேற்பரப்பில் முளைத்தவை அல்ல" என்று அவனே எழுதினான். கல்லடிக் கடற்கரையில் பொறுக்கிய இராவணன் மீசையையும் ஒருத்தி கொண்டுவந்தாள். அது மீசை அல்ல, காற்றில் உருண்டு விதை பரப்பும் புல்லின் முட்தலை என்று சொன்னபோது சற்று ஏமாற்றத்தோடுதான் அதையும் அந்தப் பக்கத்தில் வைத்தாள்.

பூனைக்காலிக் காயை எறிந்துவிடவில்லை. இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிப் போத்தலுக்குள் இட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, ஆய்வுகூட அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். விஞ்ஞானப் பெயரை எழுதலாமா என்று கேட்டதற்கு, அதைக் கீழே சிறிதாக எழுதலாம் என்று சொல்லிவிட்டு, பையன் பெரிய எழுத்தில் "சுணை. தேய்க்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டினான்.